பப்பாளிப் பாலும் தவிடும்: ஹெப்பகோடியின் நொதி வரலாறு

ஓசூர் வழியாக ஊருக்குப் போகும் நம்மவர், எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் ஹெப்பகோடியைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள பயோகான் என்றால் இன்சுலின் என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் அந்நிறுவனத்தின் முதல் சரக்கு பப்பாளிப் பாலிலிருந்து வந்தது!

பப்பாளிக் காயின் தோலை அதிகாலையில் மேலாகக் கீறினால் பால் வடியும். அதை உலர்த்திப் பொடித்தால் பப்பாயின். புரதத்தை வெட்டும் நொதி, அதாவது என்சைம். குளிரவைத்த பீர் கலங்காமலிருக்க மேல்நாட்டார் இதை வாங்கினார்கள். இதற்கு ஏற்ற கோ.2, கோ.5 ரகங்களைத் தந்தது நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் தொழில் படித்த கிரண் மஜும்தார், 1978இல் ஓர் அயர்லாந்து நிறுவனத்தின் கூட்டோடு, 10,000 ரூபாய் முதலில், பெங்களூரில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கினார். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸும் அன்றைய சரக்கு. சமணனான எனக்கு அதை எழுதக் கை கூசுகிறது. வரலாற்றில் விட்டுவிடவும் முடியாதே.

வியாபாரியாகச் சொல்கிறேன்: மழையையும் விளைச்சலையும் நம்பிய சரக்கு நிலையில்லாதது. பப்பாளி மரம் நாம் கேட்ட நொதியையெல்லாம் தருமா? அதனால் 1980களில் ஹெப்பகோடி தவிட்டுக்கு மாறியது. சோயா சாஸுக்கு ஜப்பானியர் செய்யும் கோஜி முறைதான். கோதுமைத் தவிட்டை ஆவியில் வேகவைத்து, ஆறியபின் பூஞ்சை வித்தைத் தூவி, ஈரம் காத்து வளர்ப்பது. தவிட்டைத் தின்னப் பூஞ்சை சுரப்பதே நமக்கு வேண்டிய நொதி. பழச்சாற்றைத் தெளிவாக்கும் பெக்டினேஸ் அப்படிப்பட்டது. கேட்க லேசாக இருக்கும். ஆனால் வளரும் பூஞ்சை சூடு கிளப்பும். சூடு மீறினால் அதுவே செத்துப்போகும். 1987இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யின் நாராயணன் வாகுல் முதலீட்டுக்கு வழிசெய்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் பிளாஃப்ராக்டர் என்ற மூடிய கலத்துக்கு 2001இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இதையெல்லாம் ஈஸ்ட் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். தவிட்டில் வளர்ந்தது இழைப் பூஞ்சை. ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர். அதன் முறை பிறகுதான் வந்தது. பிகியா என்ற ஈஸ்ட்டைக் கொண்டு செய்த இன்சுலின் 2004இல் விற்பனைக்கு வந்தது.

நொதி வியாபாரத்தை 2007இல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் 11.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. மருந்துக்கு முதல் தேவைப்பட்டது, கணக்கு சரிதான். இருந்தாலும் முதல் வாடிக்கையைக் கைமாற்றிவிட்டார்களே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.