உள்ளிழுப்பு நுண்ணுயிர்க்கொல்லி மருத்துவம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மூச்சுக்குழல்களில் தடித்த சளி தேங்குமிடத்துப் பாக்டீரியாக்கள் நிலையாகக் குடியேறுகின்றன. குருதிவழிச் செலுத்தப்படும் அமினோகிளைக்கோசைடு மருந்துகள் அச்சளியினுள் போதிய அளவு ஊடுருவுவதில்லை. அளவை மிகுத்தால் செவியும் சிறுநீரகமும் கேடுறுகின்றன. இவ்விடர்ப்பாடே மருந்தை மூச்சுவழிச் செலுத்தும் முறை வளரக் காரணமாயிற்று. அம்முறையின் வரலாற்றையும், அது விட்டுச்சென்ற இடைவெளியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயை 1938இல் விரிவாக விளக்கியவர் டோரத்தி ஆண்டர்சன். அவரும் டி சான்டாக்னீஸும் அந்நோயாளரின் நுரையீரல் தொற்றுக்குப் பெனிசிலினை நுண்துளிகளாக அளித்துப் பெற்ற முடிவுகளை 1946இல் வெளியிட்டனர். 1981இல் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் மார்கரெட் ஹாட்சன் குழுவினர், உள்ளிழுத்த கார்பெனிசிலினும் ஜென்டாமைசினும் நுரையீரல் செயல்திறனை உயர்த்துவதைக் காட்டினர்.

உள்ளிழுப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட டோப்ராமைசின் கரைசலுக்கு 1997இல் அமெரிக்க ஒப்புதல் கிட்டியது. 28 நாள் மருந்து, 28 நாள் இடைவெளி என்னும் சுழற்சியில் 520 நோயாளரிடம் நடந்த ஆய்வுகளின் முடிவு 1999இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் அஸ்ட்ரியோனாம் 2010இலும், டோப்ராமைசின் உலர்பொடி 2013இலும் ஏற்கப்பட்டன. 2018இல் ஏற்கப்பட்ட லிப்போசோம் அமிக்காசின் வேறொரு தொற்றை இலக்காகக் கொண்டது. மைக்கோபாக்டீரியம் ஏவியம் தொகுதியால் துன்புற்ற 336 பேரிடம் நடந்த ஆய்வில், இம்மருந்தைக் கூடுதலாகப் பெற்றவர்களுள் 29 விழுக்காட்டினரின் சளி கிருமியற்றதாயிற்று; வழக்கமான மருந்துகளை மட்டும் பெற்றவர்களுள் அது 8.9 விழுக்காடே.

இடைவெளி

இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் ஒரு நோயைச் சார்ந்தே நிகழ்ந்தது. அங்குப் பயன்தந்தது மூச்சுக்குழல் விரிவு நோய்க்கும் பொருந்தும் எனக் கொள்ளல் இயலாது. சளியை நீர்மையாக்கும் டார்னேஸ் மருந்து முன்னதில் நலம் பயந்தது. பின்னதில் தீங்கு விளைத்ததை 1998ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்தியது. சிப்ரோஃபிளாக்சசின் உலர்பொடி குறித்த இரு பெரும் ஆய்வுகளும் ஒத்த முடிவைத் தரவில்லை.

இந்தியாவுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. மூச்சுக்குழல் விரிவு நோயாளர் 2,195 பேரைக் கொண்டு 2019இல் வெளியான இந்தியப் பதிவேட்டு ஆய்வில், நோய்க்காரணங்களுள் முதலிடம் பெற்றது காசநோய். அதன் பங்கு 35.5 விழுக்காடு.

முடிவுரை

மருந்தைத் தொற்றுள்ள இடத்துக்கே கொண்டுசேர்க்கும் தொழில்நுட்பம் முதிர்ச்சி பெற்றுள்ளது. எனினும் எந்நோயாளரிடம் சோதிக்கப்பட்டதோ அவர்க்கே அதன் பயன் உறுதியாயிற்று. காசநோய் விட்டுச்சென்ற வடுக்களோடு வாழ்வோரை முதன்மைப்படுத்தும் ஆய்வுகள் பெருகும்போதே இவ்வரலாறு நிறைவு பெறும் எனலாம்.