மதுக்கடையின் இடமும் நேரமும்: சிதறால் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மருந்தியல் வாதம்

2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். அங்கிருந்த அரசு மதுக்கடையான டாஸ்மாக்கை அகற்ற வேண்டும் என்பது கோரிக்கை. மார்த்தாண்டத்தை ஒட்டிய அந்த ஊருக்கும் சிதறால் மலைக்கும் அதிகத் தொலைவில்லை. அவர் வந்த சேலம் மாவட்டத்தில்தான் 1937இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். கடை எங்கே இருக்கிறது, எப்போது திறக்கிறது என்பவற்றை நாம் அறத்தின் பெயரால் பேசுகிறோம், வருவாயின் பெயரால் பேசுகிறோம். இரண்டும் மருந்தியல் கேள்விகள் என்பது என் வாதம்: இடம் தாங்குதிறனைத் தொடுகிறது, நேரம் சார்புநிலையைத் தொடுகிறது.

குடித்துப் பழகியவருக்குப் பழைய அளவு போதாமல் போவதற்கு, அதாவது தாங்குதிறன் கூடுவதற்கு, கல்லீரல் நொதிகள் பெருகுவது ஒரு காரணம். மதுவால் தூண்டப்படும், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகள் மந்தமாகி, மது அடக்கும், மூளையைக் கிளர்த்தும் என்எம்டிஏ ஏற்பிகள் பெருகுவது இன்னொன்று. அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் பழக்கப்பட்ட சூழல். உளவியலாளர் ஷெப்பர்ட் சீகல் குழுவினர் 1982இல் வெளியிட்ட சோதனையில், ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே பேரளவு கொடுக்கப்பட்டது. வழக்கமாக மருந்து பெற்ற அறையில் சுமார் 32 விழுக்காடு இறந்தன. புதிய அறையிலோ சுமார் 64 விழுக்காடு. பழகிய இடத்தைக் கண்டதுமே உடல் மருந்துக்கு எதிர்வினையை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. எலிகளில் மதுவுக்கும் இத்தகைய தாங்குதிறன் உண்டென்று 1979இலேயே காட்டப்பட்டது.

இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடையை எண்ணிப் பாருங்கள். குடியை விட்டவர் அதைக் கடக்கும்போது அந்த எதிர்வினை தொடங்குகிறது. ஈடுகட்ட மது உள்ளே போவதில்லை. அவர் வேட்கை என்று உணர்வதில் ஒரு பங்கு இது. ஆகவே கடையை நகர்த்தக் கேட்பது வெறும் அடையாளப் போராட்டம் ஆகாது. ஆனால் போராட்டக்காரர்கள் கவனிக்காத மறுபக்கமும் உண்டு: அதே அளவு மதுவைப் பழகாத இடத்தில் குடிப்பவருக்குப் போதை கூடுதலாக ஏறலாம். அவர் திரும்பி வருவது பெரும்பாலும் பைக்கில்.

நேரத்துக்கு வருவோம். ஒரு குவாட்டர் 180 மில்லி; சாராய அளவு 42.8 விழுக்காடு. அதில் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. 5 விழுக்காடு கள்ளில் அதே அளவைப் பெற ஒன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும். வயிறே தடை போடும்.  உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம்வரை எரிக்கும், பழகியவருக்கு இன்னும் வேகம். இரவு ஒன்பதுக்கு முடித்த குவாட்டர் விடியும்முன் தீர்ந்துவிடும். அடக்கும் மது போய், பெருகிய என்எம்டிஏ ஏற்பிகள் மட்டும் மிஞ்சுகின்றன. காலைச் சாயாக் கிளாசை இரு கையாலும் பிடித்தும் தளும்பவிடுகிறவரின் நடுக்கம் இதுதான். குடியை அடியோடு நிறுத்தினால் வலிப்பு முதல் இரண்டு நாளிலும், சித்தப்பிரமையோடு கூடிய கடும் நிலை பொதுவாக மூன்றாம் நாளை ஒட்டியும் வரலாம். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கு ஆபத்து.

2016இல் டாஸ்மாக் திறக்கும் நேரம் காலை பத்திலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது. எப்போதாவது குடிப்பவருக்கு அது நல்ல தடை. சார்புநிலையில் இருப்பவருக்கோ நடுக்கம் அந்த இரண்டு மணி நேரத்திலும் தொடர்கிறது. கூடுதல் விலைக்குக் காலையிலேயே விற்கும் கள்ளச்சந்தைக்கு அவரே உறுதியான வாடிக்கையாளர்.

எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2020 மார்ச் இறுதியில் இந்தச் சிக்கல் வெளிப்படையாக வந்தது. ஊரடங்கில் கடைகள் மூடப்பட்டதும், குடியை நிறுத்தியதால் வரும் விலகல் அறிகுறி உள்ளவர்களுக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்கக் கேரள அரசு ஆணையிட்டது. மருத்துவச் சங்கம் எதிர்த்தது. ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் மூன்று வாரங்களுக்கு நிறுத்திவைத்தது. என் பார்வையில் அரசு நோயைச் சரியாகக் கண்டுகொண்டு மருந்தில் தவறியது. விலகலுக்கான மருந்தான குளோர்டயசெபாக்சைடு மதுவைப் போலவே காபா ஏற்பியை வலுப்படுத்துகிறது. ஆனால் நெடுநேரம் நின்று மெதுவாக இறங்குவதால் அளவைப் படிப்படியாகக் குறைக்க முடிகிறது. அதோடு தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தால் மூளைச் சேதத்தையும் தவிர்க்கலாம். இரண்டும் மலிவானவை. தமிழ்நாட்டில் 2016இலும் 2017இலும் 2023இலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. மூடப்படும் கடைகளின் அடுத்த பட்டியல் வரும்போது, கடையின் கதவு சாத்தப்படும் தேதிக்கு முன்பே அந்த வட்டார அரசு மருத்துவமனையில் இந்த மருந்துகளும் சில படுக்கைகளும் தயாராக இருப்பதை ஆணையின் நிபந்தனையாகவே எழுதலாம்.