பனைமரத்து ஓந்தியும் பதில் வராத கேள்வியும்

முப்பத்திரண்டு முழ உயரத்தில் ஒரு பனைமரம். அடியிலிருந்து ஓர் ஓந்தி ஏறத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறும், நான்கு விரற்கடை சறுக்கும். உச்சியைத் தொட எத்தனை நாள் ஆகும்?

பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்தின் மரபில் வெண்பாவாகவே வழங்கிவந்த கணக்கு இது. ஓந்தியும் பனையும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியவை அல்ல. குண்டாற்றில் வருஷத்தில் சில நாள்தான் தண்ணீர், மற்ற நாளெல்லாம் மணல். கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியும். எல்லாம் பொய்த்த வருஷத்திலும் பனை நிற்கும். மழையை நம்ப முடியாத மண்ணில் அளவுக் கணக்கு பிழைப்போடு ஒட்டியது. கோட்டை என்றால் 21 மரக்கால் என்பது திருநெல்வேலிச் சீமை வழக்கு. சோழநாட்டுக் களமோ 12 மரக்கால். இரண்டு சீமை வியாபாரியும் சந்திக்கும் சந்தையில் கணக்குத் தெரியாதவன் தானியத்தையே பறிகொடுப்பான்.

இந்த மண்ணில் கணக்கின் பழமையைக் கல்லிலேயே பார்க்கலாம். திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடத்துச் சிவன் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயில் விளக்கு அணையாமல் எரிய ஆடுகளைக் கொடையாக விட்ட செய்திகள் அவற்றில் வருகின்றன. கல்வெட்டுகள் இத்தகைய ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். மந்தையில் சில சாகும், சில குட்டி போடும். இடையர் எண்ணிக்கையைக் குறையாமல் காத்துக்கொண்டு, நாள்தோறும் அளந்து நெய் கொடுக்க வேண்டும். சோழநாட்டில் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு, தினம் ஓர் உழக்கு நெய் என்று கணக்கு நிலைத்திருந்தது. எத்தனை ஆடு இருந்தால் நெய் என்றைக்கும் தட்டாது என்று முதலில் தீர்த்துச் சொன்னவர் யாரோ, அவர் சாதாரண ஆளல்ல. பிறப்பையும் இறப்பையும் கறவையையும் ஒரே எண்ணுக்குள் அடக்கியிருக்கிறார்.

பிற்காலத்தில் அத்தகைய திறமை திண்ணைப் பள்ளியில் உருவானது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கு வருவார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று ஒவ்வொன்றாகத் தலையில் ஏறும். முழு எண்ணோடு வாய்பாடு நின்றுவிடாது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் போகும். முந்திரியை மறுபடியும் 320ஆல் வகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அந்த நுணுக்கத்தில் பத்து வயதுப் பையன் வாய்க்கணக்காகப் பெருக்கினான்.

கணக்கில் சிக்கியவனுக்கு முதல் துணை சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன்தான் சட்டாம்பிள்ளை. இளையவன் தடுமாறும் இடத்தில் அவனும் ஓரிரு வருஷத்துக்கு முன் தடுமாறியிருப்பான். மாலையில் பள்ளி கலையும்போது வாத்தியார் மனக்கணக்கு ஒன்றைப் போட்டு அனுப்புவதும் உண்டு. அது வீட்டுக்கு வந்துவிட்டால் பிறகு பையனுடைய கணக்கு மட்டுமல்ல. தாத்தாவும் சித்தப்பாவும் அடுத்த வீட்டுக் கணக்குப்பிள்ளையும் அதில் தலையிடலாம். கேள்வி தெருவில் கிடந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கேட்டவனை யாரும் மட்டமாக நினைக்கவில்லை.

சட்டாம்பிள்ளை முறை கடல் தாண்டியும் போனது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். பிரிட்டனில் அது ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே பரவியது. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்து நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பது தெரியவந்தது.

இந்த எண்களைப் பார்த்துப் பெருமைப்படும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் திண்ணையில் இடமில்லை. பெண் பிள்ளைகள் அபூர்வம். பனையேறியின் மகனைவிட அந்த ஓந்தியை நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் அந்தக் கணக்கு அவனிடம் கேட்கப்படவில்லை. பனைத்தொழிலிலிருந்து வியாபாரத்துக்கு வந்த நாடார் சமூகம் இராமநாதபுரத்து ஆறு ஊர்களில் பேட்டைகள் அமைத்து வளர்ந்தது. அவற்றில் அருப்புக்கோட்டையும் அதை ஒட்டிய பாளையம்பட்டியும் அடக்கம். சரக்கின் மீது சிறு தொகையை மகிமையாக வசூலித்து உறவின்முறைப் பொதுநிதியில் சேர்த்தார்கள். அந்த நிதி பின்னால் பள்ளிகளாக மாறியது. விருதுநகரில் 1880களில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. அருப்புக்கோட்டையில் சைவ பானு சத்திரிய என்ற பெயரோடு பள்ளியும் கல்லூரியும் இன்றும் நடக்கின்றன. திண்ணையில் இடம் கிடைக்காதவர்கள் தாங்களே கட்டிடம் எழுப்பிக்கொண்டது இந்த வட்டாரக் கல்வி வரலாற்றின் பெரிய திருப்பம்.

திண்ணைக்கு இன்னொரு குறையும் உண்டு. அங்கே விடை கிடைக்கும், விதி கிடைக்கும். ஆனால் விதி ஏன் சரி என்பது எழுதப்படவில்லை. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகு என்கிறது கணக்கதிகாரம். ஏன் ஆறு, ஏன் ஐந்து என்பதற்கு அங்கே பதிலில்லை.

ஓந்திக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு முழம் 24 விரல். ஆகவே 32 முழம் 768 விரல். ஓந்தி ஒரு சாண், அதாவது 12 விரல் ஏறி 4 விரல் சறுக்கினால் நாளுக்கு 8 விரல் மிச்சம். 768ஐ 8ஆல் வகுத்தால் 96 நாள். மரபு சொல்லும் விடை இதுதான். துடியான பையன் ஒருவன் இங்கே குறுக்கே கேட்கலாம்: உச்சியைத் தொட்டபின் ஓந்தி ஏன் சறுக்க வேண்டும்? கடைசி நாளில் சறுக்கல் இல்லையென்றால் விடை குறையாதா?

சரியான கேள்வி. சோதித்துப் பார்ப்போம். 94 நாள் முடிவில் ஓந்தி 752 விரலில் இருக்கும். 95ஆம் நாள் 12 விரல் ஏறினால் 764. உச்சிக்கு இன்னும் நான்கு விரல் பாக்கி, சறுக்கி 760க்கு வந்துவிடும். 96ஆம் நாள் எட்டு விரல்தான் தேவை, பன்னிரண்டு ஏற முடியும். தொட்டுவிடும். விடை 96தான்.

இது தற்செயலா? இல்லை. முழு முழமாக உள்ள எந்தப் பனையின் உயரமும் 24இன் மடங்கு, ஆகவே 8இன் மடங்கு. கடைசி நாள் காலையில் எட்டு விரல் பாக்கியிருக்கும், அது பன்னிரண்டுக்குள் அடங்கும். அதற்கு முந்திய நாள் காலையில் பதினாறு பாக்கி, அது அடங்காது. ஆகவே முழக் கணக்கில் நிற்கும் எந்தப் பனைக்கும் பழைய விதி பிசகாது. அதே பனை நாலு விரல் குட்டையாக, 764 விரலாக இருந்தால் விதி 95½ நாள் என்று சொல்லும். ஓந்தியோ 95ஆம் நாளே உச்சியைத் தொட்டுவிடும். விதி எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்று இப்படித் தெளிவாகச் சொல்வதுதான் நிரூபணம். வாய்பாட்டு மனப்பாடத்தால் மட்டும் இங்கே வந்து சேர முடியாது. குறுக்கே கேட்கும் பையனும், அவனை அதட்டாமல் கூட உட்கார்ந்து சோதிக்கும் பெரியவரும் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெரியவரைத் தேடி ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி, உள்ளூரில் ஆரம்பப் பள்ளியை முடித்து, படிப்பைத் தொடரத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் போனார். மேற்கொண்டு கணிதம் படித்தவனுக்கோ பட்டணத்தில்கூடத் துணை அரிது. நூல்களும் ஆய்விதழ்களும் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும்; விலையோ தனியாள் தாங்கும் விலையல்ல.

அந்தத் தனிமையை உடைக்க முயன்றவர் துணை கலெக்டர் வி. ராமசுவாமி ஐயர். 1907இல் இருபது பேரோடு ஒரு கணிதக் கழகம் தொடங்கினார். நூல்களையும் இதழ்களையும் பொதுவில் வாங்கி உறுப்பினரிடையே சுற்றுக்கு விடுவது அதன் முதல் வேலை. பிறகு அதுவே இந்தியக் கணிதக் கழகம் ஆனது. 1909இல் தொடங்கிய அதன் இதழில் கேள்விகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. உறுப்பினர் ஒரு கணக்கை அனுப்புவார், அது எண்ணிட்டு அவர் பெயரோடு அச்சாகும். தீர்வு கண்டவர் எழுதுவார், அதுவும் அவர் பெயரோடு வரும். தீர்த்தவருக்கு உள்ள மதிப்பு கேட்டவருக்கும் கிடைத்தது.

1911இல் அந்தப் பகுதியில் 289ஆம் கேள்வி வந்தது. அனுப்பியவர் வேலையில்லாத இளைஞர் சீனிவாச ராமானுஜன். √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்று முடிவில்லாமல் உள்ளே போகும் வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன என்று கேட்டிருந்தார். அடுத்தடுத்த இதழ்களில் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே எழுதினார்: விடை 3.

வழி எளிமையானது. 3 என்பது 9இன் வர்க்கமூலம், 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது 16இன் வர்க்கமூலம், 16 என்பது 1+3×5. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம், 25 என்பது 1+4×6. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். பள்ளிப் பிள்ளைகூடப் பின்தொடரும். ஆனால் குறுக்கே கேட்கும் அந்தப் பையன் இங்கேயும் வருவான். 4ஐயும் இதே மாதிரி விரிக்கலாமே? 16 என்பது 1+2×7½. 7½இன் வர்க்கம் 56¼, அது 1+3×18 5/12. இதுவும் முடிவில்லாமல் போகுமே, அப்படியானால் விடை 4 என்று ஏன் சொல்லக் கூடாது? உள்ளே போகப் போக அந்த வரிசை ஓர் எண்ணில் நிலைக்கிறதா, எந்த எண்ணில் நிலைக்கிறது என்று காட்டினால்தான் வாதம் முழுமையாகும்.

அதைக் காட்டும் துணை பின்னால் வந்தது. 1902இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கணித அறிஞர் ஹார்டியிடம் பயின்ற தி. விஜயராகவன், இப்படி அடுக்கிய வர்க்கமூலங்கள் எப்போது ஓர் எண்ணில் நிலைக்கும் என்பதற்கான நிபந்தனையைக் கண்டார். 1927இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ராமானுஜன் ஆய்வுத் தொகுப்பின் குறிப்புகளில் அது இடம்பெற்றது. கேட்டவர் அப்போது உயிரோடு இல்லை, 1920இலேயே காலமாகிவிட்டார். 1911இல் ஒரு தமிழர் பொதுவில் வைத்த கேள்வியின் இடைவெளியை இன்னொரு தமிழர் அடைத்தார் என்பது நம் பள்ளிப் புத்தகத்தில் இருக்க வேண்டிய செய்தி.

விஜயராகவனை முதல் இயக்குநராகக் கொண்டு 1950இல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனம் தொடங்கியது. பணம் கொடுத்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். கோட்டையூரும் அருப்புக்கோட்டையும் அப்போது ஒரே மாவட்டம். 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது. தண்ணீர் இல்லாத சீமையின் செல்வம் கணித ஆராய்ச்சிக்குப் போனது. செட்டியார் 1957இல் மறைந்தார்; அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் வழிவந்த உயராய்வு நிறுவனம் சேப்பாக்கத்தில் இன்றும் இயங்குகிறது. அதே காலத்தில் லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன், சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்றவர்களைக் கணித ஆராய்ச்சிப் பாதையில் செலுத்தினார்.

பள்ளி மட்டத்தில் பிள்ளைகளைக் கணிதத்தின் பக்கம் திருப்பும் வேலையைத் தோளில் சுமந்தவர் முத்தியால்பேட்டை ஆசிரியர் பி. கே. சீனிவாசன். 1968இல் ராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தொகுத்துப் பதிப்பித்தவரும் அவர்தான். 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பாடப்புத்தகத்துக்கு வெளியே யோசிக்கவைக்கும் தேர்வுகளை நடத்திவருகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு கணக்கைப் பள்ளிக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப்போடுங்கள். அந்த வாரம் அழிக்க வேண்டாம். பிள்ளைகள் கொண்டுவரும் கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. விடை தெரியாத கேள்வியானாலும் பரவாயில்லை. கேட்ட பிள்ளையின் பெயரைக் கணக்குக்குக் கீழே எழுதுங்கள், தீர்த்த பிள்ளையின் பெயரை அதற்கும் கீழே. வீட்டுப் பரணில் எண்சுவடி, கணக்கு ஏடுகள் கிடந்தால் ஆற்றில் விடாதீர்கள், கரையானுக்கும் விடாதீர்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலோ ஒப்படையுங்கள்.