பல்லடத்துத் தோட்டக் காவல்

கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பல்லடத்தைக் கடந்து கிழக்கே பிரயாணம் செய்பவர்கள், சாலையை விட்டுச் சற்று உள்ளே திரும்பினால், வீடுகள் கூட்டமாக நில்லாமல், ஒவ்வொன்றும் தன் கிணற்றையும் தன் காட்டையும் ஒட்டித் தனித்தனியே நிற்பதைக் காணலாம். தஞ்சைச் சீமையின் குடியானவன் ஊருக்குள் வீட்டை வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்வந்தான். கிணற்றுப் பாசனத்தையே பிரதானமாக நம்பிய கொங்குநாட்டுக் குடியானவனோ, விடியுமுன் எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைக்கவேண்டிய அவசியத்தால், கிணற்றடியிலேயே சாளை கட்டிக்கொண்டு குடியிருந்தான். இந்த வாழ்க்கையில் சௌகரியங்கள் பல உண்டு. ஆனால், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர அடுத்த வீடு இல்லாத இடத்தில் இரவைக் கழிப்பவனுக்குக் காவல் ஒரு நாளும் ஓயாத கவலையாகவே இருந்து வந்திருக்கிறது. பல்லடம் கடைவீதியில் நின்று, தோட்டத்து வீட்டுக்கு எத்தனை கேமரா வேண்டும், எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று இன்று விசாரிக்கும் விவசாயி கேட்பது புதிய கேள்வியன்று. அவருடைய பாட்டனார் வேறு சாதனங்களைக் கொண்டு விடை தேடிய அதே கேள்விதான்.

பாட்டனாரின் சாதனங்கள் எளியவை. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி; அதன் கடவில் முட்படல்; வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும் பெரியவர்; கட்டிலின் கீழே நாய். ஆட்டுப்பட்டியில் ஒருவரும், மாட்டுக் கட்டுத்தரையில் ஒருவருமாகப் பண்ணையத்து ஆட்கள் படுத்திருப்பார்கள். தமக்குச் சொந்தமல்லாத தானியத்துக்கும் கால்நடைக்கும் பனியிலும் மழையிலும் விழித்திருந்த அந்த எளிய மனிதர்களின் உழைப்பின்மேல்தான் தோட்டத்து வீடுகளின் நிம்மதி நின்றதென்பதை, பழைய நாட்களைப் புகழ்ந்து பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வெளியே, ஊருக்கும் நாட்டுக்கும் ஒரு காவல் ஏற்பாடு தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. ஓர் ஊரின் காவல் ஸ்தலக் காவல் என்றும், பல ஊர்களை உள்ளடக்கிய பாளையக்காரரின் காவல் தேசக் காவல் என்றும் வழங்கிற்று. அறுவடைக் களத்தில் காவற்காரருக்கு உரிய பங்கு அளக்கப்பட்டது. அதற்கு ஈடாக, களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும், கண்டுபிடிக்க இயலாவிட்டால் அதன் கிரயத்தைத் தம் கையிலிருந்து தருவதும் அவருடைய கடமையாக இருந்தது. இந்த ஏற்பாடு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் மிக ஆழமாக வேரூன்றியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் பாளையக்காரர்களை அடக்கியபோது தேசக் காவலையும் எடுத்துவிட்டார்கள். 1816-ஆம் வருஷத்து ரெகுலேஷன் ஊர்த் தலைவரைக் கிராமப் போலீஸுக்கு அதிகாரியாக்கி, தலையாரியை அவருக்குக் கீழே நிறுத்தியது. 1859-ஆம் வருஷத்துச் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சம்பளம் பெறும் போலீஸ் இலாகாவைத் தந்தது. ராஜாங்கத்துக்கு இதனால் விளைந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆயினும், களவுக்கு நஷ்டஈடு கொடுக்கும் மனிதர் ஒருவர் ஊரில் இருந்த நிலை அத்துடன் போயிற்று. புதிய போலீஸ்காரர் குற்றவாளியைத் தேடுவார். தாம் தூங்கியதற்காகத் தம் கைப்பணத்தைக் கொடுக்கமாட்டார்.

பழைய முறையில் ஊழலும் பலாத்காரமும் இல்லாமலில்லை. களவாடிய மாட்டைத் திருப்பித் தருவதற்குத் துப்புக்கூலி என்ற பெயரில் பணம் வாங்கும் வழக்கம் பரவி, காவலுக்கும் களவுக்கும் நடுவே இருந்த வரம்பு பல இடங்களில் அழிந்தது. 1896-இல் திண்டுக்கல் வட்டாரத்துக் குடியானவர்கள் பொதுப் பணம் திரட்டி, வெளிக் காவற்காரர்களை விலக்கிவிட்டுத் தாங்களே காவல் வைத்துக்கொள்ளக் கிளம்பினார்கள். அதன் பிறகு சர்க்கார் மேற்கொண்ட மார்க்கமோ மிகவும் கொடியது. 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு, காவலைக் குலத்தொழிலாக உடைய ஒரு சமூகம் முழுவதன்மீதும் சந்தேக முத்திரை குத்தி, விரல் ரேகை வாங்கி, ஆண்மக்களை இரவுதோறும் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகச் செய்தார்கள். இதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி நின்ற ஜனங்கள்மீது போலீஸார் சுட்டதில் பதினாறு பேர் உயிர் துறந்தார்கள். பொருளைக் காப்பது வேறு, மனிதரைக் கண்காணிப்பது வேறு. பின்னதில் ஆசை கொண்ட அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இப்படியோர் இரத்த சாட்சியம் இருக்கிறது. வட மாநிலங்களிலிருந்து வந்து நம் பனியன் கம்பெனிகளில் உழைக்கும் பிள்ளைகள் தங்கும் விடுதிக்குள், அவர்கள் படுக்கும் அறையை நோக்கியே கேமராவைத் திருப்பி வைக்க எண்ணும் எந்த முதலாளியும் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பூட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொங்குநாட்டுக்குத் திண்டுக்கல் அண்டையூர். அங்கே கைத்தொழிலாளர் அரத்தால் ராவிச் செய்த மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் பூட்டும் பெயர் பெற்றவை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் தொழில் பெரிதும் க்ஷீணித்துவிட்டது.

காவலின் தன்மையைப் பூட்டைவிட அதிகமாக மாற்றியது மின்சாரம். 1930-களில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்தது. பின்னர் கிணறுகளில் மோட்டார் ஏறிற்று. அதற்கும் பின்னர் பல்லடம், சோமனூர் பக்கத்துக் காடுகளில் விசைத்தறிக் கொட்டகைகள் எழுந்தன. இராத்திரி ஷிப்டில் தறி ஓடுகிற கொட்டகையில் விளக்கு எரியும், ஆள் விழித்திருப்பார், தறிச் சத்தம் அரை மைல் கேட்கும். யாரும் காவலென்று எண்ணி ஏற்படுத்தாத காவல் அது. ஊருக்குள்ளோ, நேபாளத்திலிருந்து வந்த கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு தடியால் தரையைத் தட்டிச் சுற்றிவந்து, மாதம் பிறந்ததும் வீட்டுக்கு வீடு காசு வாங்கிப் போனார்.

தோட்டத்து வீட்டின் பழைய காவல்கள் எந்தச் சட்டத்தாலும் ஒழியவில்லை. மெல்ல மெல்ல ஆளில்லாமல் மறைந்தன. பண்ணையத்து ஆட்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் கௌரவமான வேலை தேடிக்கொண்டார்கள், நியாயமும் அதுவே. தோட்டக்காரர்களின் பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். சாளையில் மிஞ்சியவர்கள் எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும். 2024 நவம்பர் மாத இறுதியில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீடொன்றில் முதிய தம்பதியரும் அவர்களுடைய மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி அருகே மற்றொரு வயோதிகத் தம்பதியர் தம் தோட்டத்து வீட்டில் கொலையுண்டது தெரியவந்தது. இவற்றைக் கேட்ட நாள் முதல், தனியே இருக்கும் பெற்றோரை நினைத்து வெளியூர்ப் பிள்ளைகள் படும் வேதனையைக் கொங்குநாட்டில் எந்தக் குடும்பத்துக்கும் விளக்கவேண்டியதில்லை.

வீட்டுக்குக் கேமரா வைக்கும் யோசனையும் இத்தகைய பயத்திலேயே பிறந்தது. நியூயார்க் நகரத்து குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் நர்ஸ், வேளைகெட்ட வேளையில் வீட்டில் தனித்திருக்க நேர்வதாலும், அழைத்தால் போலீஸ் விரைந்து வராததாலும், தம் கணவருடன் சேர்ந்து ஒரு சாதனத்தை வகுத்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துவாரங்கள், அவற்றினூடே பார்க்கும் கேமரா, படுக்கையறையில் திரை, வாசலில் நிற்பவருடன் பேச ஒலிவாங்கி. 1966-இல் விண்ணப்பித்த அவருக்கு 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. நம் மாநிலத்தில் 2012-ஆம் வருஷத்து விதிகள் நகர்ப்புறப் பொதுக் கட்டடங்களில் கேமராவைக் கட்டாயமாக்கின. தோட்டத்துக் கிணற்றடிக்கு அது வந்து சேரப் பின்னும் பல வருஷங்கள் ஆயின.

வாங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்ஸல் என்பது. கேட்கவேண்டியது, எவ்வளவு அகலத்தில் முகம் தெரியும் என்பது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 250 புள்ளிகள் வேண்டுமென்பது சர்வதேசத் தரவிதிகளில் எடுத்தாளப்படும் அளவு. இரண்டு மெகாபிக்ஸல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலமுடையது. ஆகவே ஏழரை மீட்டருக்குமேல் அகன்ற களத்தை அது காட்டும்போது, ஆள் நடமாடுவது தெரியுமேயன்றி ஆள் யாரென்று தெரியாது. களத்துக்கு ஒன்றென்றால் கடவுக்குத் தனியே இன்னொன்று வேண்டும். இரவில் அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸின் குறுக்கே கட்டிய ஒற்றை நூலாம்படை அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் திரையாகி, படம் முழுவதையும் மறைத்துவிடும். தறிக் கொட்டகையிலோ பஞ்சுத் தூசு அதே வேலையைச் செய்யும். ஆகையால் கையெட்டாத உயரம் திருடனுக்கு மட்டுமன்றித் துடைக்கவேண்டியவருக்கும் இடைஞ்சலாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பது கணக்கு. விநாடிக்கு இரண்டு மெகாபிட் வீதம் பதிவாகும் ஒரு கேமரா, நாளொன்றுக்கு ஏறக்குறைய 21 ஜிகாபைட் எடுத்துக்கொள்ளும். நான்கு கேமராக்களுக்கு ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிவிடும். பதிவுப் பெட்டியை டெலிவிஷனுக்குப் பக்கத்தில் வைப்பது பெருந்தவறு. வந்தவன் அதையும் எடுத்துக்கொண்டு போவான். பெட்டியுடன் வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதும் அப்படியே. 2016-இல் அவ்வாறு மாற்றாமல் விடப்பட்ட லட்சக்கணக்கான கேமராக்களையும் ஏனைய சாதனங்களையும் மிராய் என்னும் தீங்குநிரல் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய வலைத்தளங்களையே முடக்கியது. நம் மத்திய அரசும் 2025 ஏப்ரலிலிருந்து, பாதுகாப்புச் சோதனையில் தேறாத கேமராக்களை விற்கலாகாதென விதித்திருக்கிறது. வாங்கும்போது கடைக்காரரிடம் அதற்கான சான்றைக் கேட்கத் தயங்கவேண்டாம்.

ஆனால் கேமரா ஓடிவராது. நள்ளிரவில் கோவையில் உள்ள மகனுடைய போனில் எச்சரிக்கை ஒலித்தால், அவர் வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும். ஆகையால் அதே காட்சியைப் பார்க்கும் உரிமையை அடுத்த தோட்டத்துக்காரர் போனுக்கும் கொடுத்து வைத்து, சைரன் சத்தம் கேட்டால் யார் யார் எந்த வழியாக வருவதென்று முன்கூட்டியே பேசிக்கொள்ளும் குடும்பங்களே, என் அபிப்பிராயத்தில், வாங்கிய சாதனத்தின் முழுப் பயனை அடைகின்றன. பதிவான காட்சி நியாயஸ்தலத்துக்குப் போகும்போதும் இயந்திரம் தானே சாட்சி சொல்வதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, அந்தச் சாதனம் ஒழுங்காக இயங்கிவந்தது என்று சொல்லி அதன் பொறுப்பில் இருந்தவர் ஒருவரும், நிபுணர் ஒருவரும் கையொப்பமிட்ட சான்றிதழைக் கேட்கிறது. கேமரா வாங்கும் அன்றே, அந்தக் கையொப்பத்தை இடப்போவது வீட்டில் யார் என்று முடிவு செய்து, பதிவு ஓடுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும்.