ஊர்வரலாறும் குழந்தைக் கதையும்: ஸ்காட்லாந்தின் பழைய நூல்களும் கம்போங் ராஜா தேயிலைத் தோட்டங்களும்

முன்னுரை

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை நில அளவை செய்தவர். அவர் கண்டு எழுதிய மேட்டுநிலம் அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்த பின்னரே அதனை மலைவாழிடமாக்கும் திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கைத் தேயிலைத் துறையில் நீண்ட அனுபவம் பெற்றிருந்த ஏ. பி. மில்னைத் துணையாகக் கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து மலைச்சாலை நிறைவுற்றது. இச்செய்திகள் சுற்றுலாக் கையேடுகளிலும் கிடைப்பவை.

காட்டை வெட்டிச் சரிவுகளில் கன்று நட்டுக் கொழுந்தெடுத்த தமிழ் மக்களைப் பற்றி அக்கையேடுகளில் ஒரு வரிக்கு மேல் இராது. கேமரன் மலையின் வடகோடியில், புளூ வேலித் தேயிலைத் தோட்டத்தை அடுத்துள்ள கம்போங் ராஜாவுக்கும் இது பொருந்தும். இத்தகைய சிற்றூரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அங்குக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டு வந்த வேடிக்கைக் கதைகளைச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. அதற்குரிய முன்மாதிரி ஸ்காட்லாந்தின் பழைய ஊர்வரலாற்று நூல்களில் உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

ஏன் ஸ்காட்லாந்து?

தேயிலைத் தோட்டத்திற்கும் ஸ்காட்லாந்திற்கும் உள்ள தொடர்பு நாம் அறிந்ததே. 1867இல் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பயன்படுத்தி ஏஞ்சலா மெக்கார்த்தி, டி. எம். டிவைன் ஆகிய இருவரும் 2017இல் அவரைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டனர். ஒரு துரையின் வாழ்க்கையை நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எழுத முடிகின்றதென்றால் அதற்குக் காரணம் அவர் எழுத்தறிந்தவர் என்பதும், அவருடைய ஊரார் காகிதத்தைக் காத்து வைக்கும் வழக்கமுடையவர் என்பதுமே ஆகும்.

இவ்வழக்கம் ஓரிரவில் தோன்றியதன்று. 1790இல் சர் ஜான் சின்கிளேர் என்பார் ஸ்காட்லாந்தின் திருச்சபைப் பங்குகள்தோறும் இருந்த குருமார்களுக்கு 160 வினாக்கள் கொண்ட பட்டியலை அனுப்பினார். மண், மழை, கூலி, பள்ளி, நோய், பழஞ்சின்னங்கள் என அனைத்தையும் அவ்வினாக்கள் தொட்டன. 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அவற்றின் விடைகள் அச்சேறின. தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பகுதிகளுக்குத் தனித்தனியே ஒரு வரலாறு அவ்வாறு கிடைத்தது. எனினும், குருமார் பலர் மக்களின் கதைகளை மூடநம்பிக்கை என ஒதுக்கினர். அக்குறையை அடுத்த தலைமுறையினர் நிறைவு செய்தனர்.

குரோமார்ட்டி என்னும் கடற்கரை ஊரில் கல்தச்சராக வேலை செய்த ஹியூ மில்லர் 1835இல் தம் ஊரின் காட்சிகளையும் கதைகளையும் நூலாக்கினார். இராபர்ட் சேம்பர்ஸ் 1826இல் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அதன் பிற்காலப் பதிப்புகளில் அடுப்படிக் கதைகளும் இடம்பெற்றன. அவற்றுள் ஓடிப்போன ஓட்ஸ் அடையின் கதை நம் கவனத்திற்குரியது. ஒரு கிழவி இரண்டு அடைகள் சுடுகின்றாள். கிழவன் ஒன்றைத் தின்றுவிட, மற்றது எழுந்து ஓடுகின்றது. அது நுழையும் வீடுகளைக் கவனித்தல் வேண்டும். முதலில் தையற்காரர்கள் இருக்கும் வீடு, பின்னர் நெசவாளர் வீடு, வெண்ணெய் கடையும் வீடு, மாவு ஆலை, கொல்லன் பட்டறை. ஒவ்வோரிடத்திலும் அங்குள்ளோர் தம் கையிலுள்ள கருவியோடு அடையைத் துரத்துகின்றனர். இறுதியில் அது நரியின் வளைக்குள் புகுந்து இரையாகின்றது. சிறுவர் சிரிப்பதற்கான கதைதான். ஆயினும் பழைய ஸ்காட்லாந்துச் சிற்றூர் ஒன்றில் எத்தொழில்கள் நடந்தன, எந்த வீட்டில் எக்கருவி இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் ஆவணம் அரிது.

கேம்பலும் பள்ளி ஆசிரியரும்

இவ்வகை முயற்சிகளில் தலையாயது ஜான் பிரான்சிஸ் கேம்பல் 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட மேற்கு மலைநாட்டுக் கதைத் தொகுப்பாகும். கேம்பல் ஐலா தீவின் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பம் கடனில் மூழ்கி அத்தீவையே இழந்தது. நம் சூழலில் சொன்னால், துரையின் மகன் லயத்துத் திண்ணையில் அமர்ந்து கதை கேட்டு எழுதியதைப் போன்றது இது. நம் தோட்டங்களில் அப்படியொரு துரை மகன் வாய்க்கவில்லை.

கேம்பலின் முறையில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, கதைகளை மக்கள் பேசிய கேலிக் மொழியிலேயே தந்து, பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். இரண்டாவது, கதை சொன்னவரின் பெயர், தொழில், ஊர் ஆகியவற்றைக் குறித்தார். மீனவரும் மாடோட்டிகளும் கூலியாட்களும் நாடோடித் தகரத் தொழிலாளரும் அந்நூலில் பெயரோடு வாழ்கின்றனர். அவருக்குப் பெருந்துணையாக நின்று கதைகளை எழுதித் தந்தவர்களுள் ஒருவர் ஹெக்டர் மக்லீன். ஐலாவில் ஒரு பள்ளி ஆசிரியர். இதனை ஆசிரியப் பெருமக்கள் மனங்கொள்ள வேண்டும். பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து, 1872இல் வந்த ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் கேலிக் மொழிக்கு இடமே தரவில்லை. கேம்பலும் மக்லீனும் அச்சட்டத்திற்கு முன்பே தம் பணியை முடித்துவிட்டனர்.

தமிழ்ச் சூழலில் நேர்ந்தது

தமிழ்நாட்டு ஊர்வரலாற்றைத் திரட்டும் பெரும்பணியைத் தொடங்கியவரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரே. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே ஊரிற் பிறந்த காலின் மெக்கன்சி 1783இல் சென்னைக்கு வந்தார், 1815இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளரானார், 1821இல் மறைந்தார். காவலி வெங்கட போரய்யா, அவர்தம் உடன்பிறந்தார் இலட்சுமய்யா முதலிய உள்நாட்டு அறிஞர்களின் உழைப்பால் அவர் திரட்டிய கைபீதுகளும் சுவடிகளும் பெருமளவில் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. கோயில், பாளையம், குறுநில மன்னர் ஆகியோரின் செய்திகள் அவற்றில் மிகுதி. குழந்தைகள் கேட்ட கதைக்கு அங்கு இடமில்லை.

அவ்விடத்தை நிரப்ப முயன்றவர் பண்டித நடேச சாஸ்திரி. 1884 முதல் அவர் தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1890இல் கிங்ஸ்கோட் சீமாட்டியுடன் இணைந்து மற்றொரு தொகுப்பையும் கொணர்ந்தார். நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்பு அது. ஆயினும் கேம்பலின் நூலில் உள்ளதுபோல், யார் சொன்னார், எவ்வூரில் சொன்னார் என்பது கதைதோறும் அங்கு இல்லை. கதை தேசத்திற்குரியதாகிவிட்டது, ஊருக்குரியதாக எஞ்சவில்லை. பின்னாளில் மலைத்தோட்ட மக்களிடையே சி. வி. வேலுப்பிள்ளை இலங்கையில் செய்த நாட்டுப்பாடல் தொகுப்பே தோட்டத்தையே ஊராகக் கொண்ட முயற்சியாகும். அவர் தாமே தோட்டத்தில் பிறந்தவர் என்பது தற்செயலன்று.

கம்போங் ராஜாவின் நிலை

கேமரன் மலைத் தோட்டங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கங்காணி முறையில் கூலியாட்கள் மலாயாவுக்கு வருவது 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது. போ தோட்டம் தொடங்கியது 1929. எனவே, மலையின் தேயிலைத் தோட்டங்கள் உருப்பெற்ற காலம் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்துகொண்டிருந்த கடைசிப் பத்தாண்டோடு ஒன்றுபடுகின்றது. வந்தவர்களின் கதைகள் அதன்பின் ஊரிலிருந்து புதுப்பிக்கப்படாமல், குளிரிலும் பனிமூட்டத்திலும் தாமாகவே வளர்ந்திருக்க வேண்டும். ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் அமைவது கடினம்.

அக்கதைகள் சொல்லப்பட்ட இடம் எது? தாய்மார் விடியலில் பிரட்டுக்குச் சென்று, பின்னர்க் கூடையோடு மலையேறிய வேளையில், குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டனர். அவர்களை அடக்கி உட்கார வைக்க ஆயாவிடம் இருந்த கருவிகளுள் கதையும் ஒன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. அதனால் தோட்டப் பள்ளிகளுக்குச் சிறிதேனும் பதிவேடு உண்டு. ஆயாக்கொட்டகையில் சொல்லப்பட்டதற்கு எப்பதிவும் இல்லை.

இன்று கொழுந்தெடுப்போருள் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பாட்டியும் பேரனும் ஒரே லயத்தில் வாழ்ந்த நிலை மாறியபின், கேட்கச் சிறுவரின்றிக் கதைகள் முதியோரிடமே தங்கிவிட்டன. பெயர்களும் இவ்வாறே. போ குழுமத்தின் தோட்டங்களுள் ஒன்று பேர்லி எனப்படும். ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் கடற்கரையிலும் அப்பெயரில் ஓர் ஊர் உண்டு. பெயர் ஒற்றுமை மட்டுமே சான்றாகாது என்பது உண்மை. ஆனால் துரைமார் இட்ட பெயருக்கு மூலம் தேடப் பதிவேடுகள் உள்ளன. தொழிலாளர் தம் வழக்கில் ஒரு சரிவுக்கும் ஓடைக்கும் இட்ட தமிழ்ப் பெயருக்கு அவர்களின் நினைவு ஒன்றே பதிவேடு.

ஆகவே சின்கிளேரின் வினாப் பட்டியலைப் போன்ற ஒன்றைக் கம்போங் ராஜா வட்டாரத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் கையிலெடுக்கலாம். நூற்றறுபது வினாக்கள் வேண்டா, பத்துப் போதும். எடுத்துக்காட்டாக, கொழுக்கட்டை என்னும் சொல்லை வாய்க்காலைத் தாண்டும்போது மறந்து, 'அத்திரிபாச்சா' எனச் சொல்லிக்கொண்டு வீடு சேர்ந்த மருமகனின் கதையை அறியாத தமிழ்க் குழந்தை இராது. அதனை மீண்டும் ஒருமுறை எழுதி வைப்பதால் பயன் சிறிது. இங்குச் சொன்ன பாட்டியின் பெயர் என்ன, எந்த லயம், யாரிடம் கேட்டார், கேட்கும்போது வெளியே மழையா என்பவற்றோடு எழுதினால் அது ஊர்வரலாறாகும். மருமகன் தாண்டியது தஞ்சை வயலின் வாய்க்காலா, தெலோம் ஆற்றில் போய் விழும் ஓடைகளுள் ஒன்றா என்றும் அவரிடம் கேட்க வேண்டும்.