பிரியாவிடை பெறாத தலைவர்கள்



சங்கப் பொறுப்பில் பல காலம் இருந்த ஒருவர் ஓய்வு பெறும்போது, கோயில் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பிவைப்பதைத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் போலீஸ்காரர்களுக்கும் ஒரு சம்மேளனம் உண்டு. அதில் நெடுநாள் உழைத்த தலைவர்களுக்கும் சக ஊழியர்கள் விருந்து வைத்து நன்றி சொல்லுவார்கள். ஆனால் அந்தச் சம்மேளனம் 1919-இல் பிறக்கக் காரணமாயிருந்த முதல் தலைவர்களுக்கு மாலை கிடைக்கவில்லை. அவர்களுடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஜான் சைம் என்பவர் லண்டன் போலீசில் இன்ஸ்பெக்டர். தமக்குக் கீழிருந்த இரண்டு காவலர்களுக்கு அநியாயம் நடந்தது என்று மேலதிகாரிகளிடம் வாதாடினார். வாதம் முற்றி, 1910-இல் அவரே வேலையை இழந்தார். மனிதர் ஓய்ந்துவிடவில்லை. 1913-இல் போலீஸ்காரர்களுக்கென்று சங்கம் தொடங்கப்பட்டபோது அதற்கு மூலகாரணமாக இருந்தவர் அவர்தான். சங்கத்தில் சேருகிறவனுக்கு வேலை போகும் என்று நிர்வாகம் எச்சரித்தது. ஆகவே ரகசியமாகவே உறுப்பினர் சேர்த்தார்கள். பயந்து பயந்து சங்கச் சந்தா கட்டிய காலம் நம்மவர்களுக்கும் இருந்ததுதானே.

முதல் உலகப் போரின்போது விலைவாசி ஏறிற்று. போலீஸ்காரரின் சம்பளம் அதற்கு ஈடாக ஏறவில்லை. 1918 ஆகஸ்டில், சங்கத்துக்கு ஆள் சேர்த்த தாமஸ் தீல் என்ற காவலரை வேலைநீக்கம் செய்தார்கள். ஆகஸ்டு 30-ஆம் நாள் லண்டனில் ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் வேலைக்குப் போகவில்லை. போர் நடக்கும் நேரம்! பிரதமர் லாயிட் ஜார்ஜ் மறுநாளே சங்கத் தலைவர்களை நேரில் அழைத்துப் பேசினார். வாரத்துக்கு 13 ஷில்லிங் கூடுதல் சம்பளம், விதவைகளுக்கு ஓய்வூதியம், தீலுக்குத் திரும்பவும் வேலை என்று முடிவாயிற்று.

ஒன்று மட்டும் தொங்கலில் நின்றது. சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா? போர்க் காலத்தில் கொடுக்க முடியாது என்றார் பிரதமர். அப்படியானால் போர் முடிந்ததும் கொடுப்பார் என்று தலைவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாய்ப்பேச்சை அவரவர் விருப்பம்போல் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டே கண்டார்கள்.

1919-இல் அரசாங்கம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தது. டெஸ்பரோ பிரபு தலைமையில் குழு அமைத்து, அதன் சிபாரிசுப்படி புதிய காவலருக்கு வாரம் 70 ஷில்லிங் தர முன்வந்தது. கூடவே, போலீஸ்காரர்கள் தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது என்று ஒரு மசோதாவையும் கொண்டுவந்தது. சங்கத்துக்குப் பதிலாக அரசாங்கமே ஒரு சம்மேளனம் அமைத்துக் கொடுக்கும். ஆனால் அதற்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது.

சங்கம் மீண்டும் வேலைநிறுத்தம் அறிவித்தது. இம்முறை லண்டனில் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் வெளியே வந்தார்கள். சம்பளம் ஏறிவிட்ட பிறகு வேலையைப் பணயம் வைக்கப் பலருக்கு மனம் வரவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லிவர்பூலில் மட்டும் 954 பேர் துணிந்தார்கள். அந்த நகரத்துப் போலீசில் அது பாதி. கடைகள் சூறையாடப்பட்டன, இராணுவம் வந்தது, துறைமுகத்துக்குப் போர்க்கப்பல்கள் அனுப்பப்பட்டன. பொதுமக்களின் அனுதாபம் போனது அங்கேதான்.

நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் 2,300 பேருக்கு மேல். அத்தனை பேரும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். நம் நாட்டில் 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில், வேலை போனாலும் உங்கள் பெயரில் சேர்ந்த பணம் உங்களுடையது. போலீஸ் ஓய்வூதியம் அப்படியல்ல. கால் நூற்றாண்டுக் காலம் உழைத்து முடித்தால்தான் அது கைக்கு வரும்; இடையில் வேலைநீக்கம் என்றால் எல்லாம் போயிற்று. ஓய்வுக்குச் சில ஆண்டே மிச்சமிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் போலீஸ்காரர்களைச் சங்கத்தில் சேர விடுவதில்லை. ஒழுங்கைக் காக்கிறவர்கள் வேலையை நிறுத்தினால் ஊர் என்னாகும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே!

சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜேக் ஹேய்ஸ், லண்டன் போலீசில் சார்ஜெண்டாக இருந்தவர். 1923-இல் லிவர்பூல் நகரின் எட்ஜ் ஹில் தொகுதியில் நின்று, அந்நகரின் முதல் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரானார். நீக்கப்பட்ட தோழர்களுக்காக அங்கே குரல் கொடுத்தார். 1924-இல் அவருடைய கட்சியே ஆட்சிக்கு வந்தது. இனி நியாயம் கிடைக்கும் என்று குடும்பங்கள் நம்பின. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. திரும்ப வேலை கொடுக்க அதுவும் இணங்கவில்லை.

அந்த 2,300 பேரில் ஒருவரும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவர்கள் போராடிய 70 ஷில்லிங்கை, வேலைநிறுத்தத்துக்கு வராமல் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.