அமைதிப்படை விலகலும் ஈழத்துக் குடிமைச் சமூகமும் (1988–1991): இராமேசுவரக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1990 மார்ச் 24இல் இந்திய அமைதி காக்கும் படையின் இறுதிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இவ்விலகல் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் புது தில்லி, கொழும்பு, விடுதலைப் புலிகள் என்னும் முத்தரப்பின் கணக்குகளையே பேசுகின்றன. ஆயுதம் ஏந்தாத அமைப்புகள் அம்மாற்றக் காலத்தில் எந்நிலையில் இருந்தன என்பதே இக்கட்டுரையின் வினா.

1988 மார்ச் 19இல் மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி, மாமாங்கப் பிள்ளையார் கோயில் வளாகத்தில் உண்ணாநோன்பு தொடங்கினார். போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் அவர்தம் கோரிக்கைகள். ஏப்ரல் 19இல் அவர் உயிர் நீத்தார். பின்னாளில் இயக்கத்தின் தியாகியாக அவர் நினைவுகூரப்பட்டார். ஆயின் அவர் தாய்மார் அமைப்பொன்றின் உறுப்பினர் என்னும் செய்தி அந்நினைவில் மங்கிவிட்டது எனலாம்.

அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் உருவான ‘மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்’ அமைப்பு இலங்கை அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைத்துத் தரப்பின் மீறல்களையும் பதிவு செய்தது. எவர் பக்கமும் சாராமையே அதற்குப் பகையாயிற்று. அதன் நிறுவனருள் ஒருவரும் உடற்கூற்றியல் பேராசிரியருமான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது படை விலகல் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட நிறைவுறவில்லை. அவர் இணைந்தெழுதிய ‘முறிந்த பனை’ 1990இல் வெளிவந்தது. அதன் ஏனைய ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்தில் வெளிப்படையாக இயங்க இயலாது போயிற்று.

எனவே வெற்றிடம் படை போனபின் தோன்றியது என்னும் வழக்கமான கூற்று முழுமையானதன்று. 1988 நவம்பர் தேர்தலில் அமைந்த வடகிழக்கு மாகாண சபை இந்தியப் படையின் நிழலிலேயே நின்றது. நிழல் அகன்றதும் முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியா வந்தடைந்தார். 1990 சூனில் போர் மீண்டது. அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அதைத் தடுத்து நிறுத்தும் வலிமையுள்ள குடிமை அமைப்பு எதுவும் அங்கு எஞ்சியிருக்கவில்லை.

இதற்கொரு சான்று நம் கரையிலேயே உண்டு. ஏதிலியர் வருகையின் இரண்டாம் கட்டத்தைத் தமிழக அரசு 1989 ஆகத்து முதல் 1991 ஏப்ரல் வரை எனக் கணக்கிடுகிறது. வந்தோர் 1,22,078 பேர். பெரும் வருகை போருக்குப் பிந்தையதே. எனினும் கணக்கின் தொடக்கம் போருக்கு முந்தையது என்பதை ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியிலும் இராமேசுவரத்திலும் படகிறங்கியோர் முதலில் சேர்ந்த இடம் மண்டபம் முகாம். ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய இடமும் அதுவே.

யாழ்ப்பாணத்தில் முடங்கிய குடிமைப் பணியின் ஒரு கூறு இங்கே தொடர்ந்தது. 1984இல் சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஏதிலியரையே பணியாளராகக் கொண்டு கல்வி, நலவாழ்வுப் பணிகளை நடத்தியது. 1991 மே மாதத்திற்குப் பின், முகாம்களுள் தொண்டு அமைப்புகள் நுழைவதற்கும் கட்டுப்பாடுகள் இறுகின.